முற்றத்தில் நின்ற பத்தொன்பது பேர்

கென்ஷா தெருவில் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி வீட்டுக்கு நான்கு அறைகள், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவைச் சுற்றிச் சுவர் எழும்புவதற்கு முன்பு ஹிண்டா ராய்க்மனின் குடும்பத்தார் ஐந்து பேர் மட்டும் அதில் இருந்தார்கள். அப்போதே இடம் போதவில்லை என்று ஹிண்டா கணவனை நச்சரித்துக்கொண்டிருந்தாளாம். இப்போது அதே வீட்டில் இருபத்தோரு பேர். இடம் போதவில்லை என்ற பேச்சை ஹிண்டா விட்டுவிட்டாள்.

ஸெலிக்குக்குக் கிடைத்தது குளியலறை. வீடு ஒதுக்குகிறவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஒரு ஆள், தொட்டி' என்று தெளிவாகவே இருந்தது. தொட்டியில் வைக்கோல் மெத்தையைப் போட்டு, அதன்மேல் தானும் தன் முழங்கால்களுமாக ஒண்டிக்கொண்டு ஒன்றேகால் வருடம் ஓட்டிவிட்டான். ஆள் நல்ல உயரம். தொட்டி குட்டை. போதாததற்கு, வீட்டுக்கே ஒரே ஒரு கழிப்பிடம், அதுவும் தொட்டிக்கு எதிரில்தான். விடிந்தால் இருபது பேரும் அவனுடைய 'வீட்டுக்கு' வந்து போவார்கள். அவன் தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவரையும் மரியாதையாக வரவேற்பான்.

"வாங்க, உட்காருங்க."

முதல் வாரம் ஹிண்டாவுக்கு இதைக் கேட்டு வேலை நடக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

ஃப்ரூமா சமையலறையில் இருந்தாள். முப்பத்தெட்டு வயது. போர் தொடங்கிய மாதத்தில் விழுந்த குண்டுகளில் ஒன்று அவள் கணவனையும் அவர்களுடைய கையுறைக் கடையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. இப்போது பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, அந்த நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில் அவளுடையது. சமையல் மேஜைமேல் எட்கா என்கிற முதிர்கன்னி படுத்துக்கொள்வாள். எட்காவுக்கு வயிறு சரியில்லை. களிமண் மாதிரி இருக்கும் ரேஷன் ரொட்டி யார் வயிற்றையும் சரியாக விடுவதில்லை என்றாலும், எட்காவின் வயிறு தனி ரகம்.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுச்சுவரில் தண்ணீர்க் குழாய் போகிற ஓட்டை ஒன்று உண்டு. ஜனவரியில் குழாய் உறைந்துபோனபோது, சூடாக்கிய செங்கல்லைத் துணியில் சுற்றி, இந்தப் பக்கம் ஃப்ரூமாவும் அந்தப் பக்கம் ஸெலிக்கும் குழாயில் ஒற்றடம் கொடுத்தார்கள். குழாய் இளக மூன்று நாள் ஆயிற்று. மற்றது அதற்கு முன்பே இளகிவிட்டது.

போருக்கு முன்னால் ஸெலிக் ஓர் அச்சகத்தில் ரயில் கால அட்டவணைகளுக்குப் பிழை திருத்தினவன். நாற்பத்து நான்கு வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "சரியான நேரத்துக்கு வண்டி வரலம்மா, நான் என்ன பண்றது" என்பான். அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு, காலையில் காலுறை பின்னும்போது ஃப்ரூமா கட்டிலை விட்டுக் குழாயோரம் ஸ்டூலைப் போட்டு உட்காரத் தொடங்கினாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எட்காவிடம் சொன்னாள். ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது. 

பிப்ரவரியில் ஒருநாள் காலை குழாய் வழியாகக் கேட்டான்.

"ஃப்ரூமா, உங்களைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்ககிட்ட என்ன இருக்கு கட்டிக்க? ஒரு தொட்டி. அதுவும் உங்களுது இல்ல."

"உங்ககிட்ட ஒரு அடுப்பு. அதுவும் உங்களுது இல்ல. ரெண்டையும் சேர்த்தா முக்கால்வாசி வீடு வந்துடுச்சே."

ஃப்ரூமாவுக்கு ஊசி நின்றுவிட்டது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே குழாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. இரண்டாம் மாடிப் பெண்மணி.

"சரின்னு சொல்லித் தொலைம்மா. உங்க பேச்சைக் கேட்டுட்டு நின்னதுல இங்க என் கஞ்சி அடிப்பிடிக்குது."

அந்தக் குழாய் கட்டடத்தின் அடி முதல் உச்சிவரை போகிறது என்பதையே இருவரும் மறந்துபோயிருந்தார்கள்.

மார்ச் முதல் ஞாயிறு, ஹிண்டாவின் பெரிய அறையில் கல்யாணம். ஒரு மேஜை விரிப்பை நான்கு துடைப்பக் கட்டைகளில் கட்டி, மணப்பந்தலாக நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். சடங்குக்குக் கண்ணாடி டம்ளர் உடைக்க வேண்டும். ஹிண்டா அலமாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். "என் டம்ளர் ஒண்ணையும் தொடக்கூடாது. நாளைக்கு எதுல தண்ணி குடிப்பீங்க?" கடைசியில் காலி இருமல் மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை முதல் மிதி மிதித்தான், குப்பி வழுக்கிக்கொண்டு கட்டிலடிக்கு ஓடியது. இரண்டாவதில் அவன் கால் சுளுக்கிக்கொண்டது. மூன்றாவதில்தான் உடைந்தது. "மஸல் தோவ்" என்று எல்லோரும் வாழ்த்திக் கத்தினார்கள். குழாய் வழியாகவும் கத்தினார்கள். ரொட்டித் துண்டில் பீட்ரூட் ஜாம் தடவி ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

அப்போது சடங்கை நடத்திவைத்த மதகுரு, ரப்பி, தாடியை நீவிக்கொண்டு சொன்னார். "இப்போ முறைப்படி பொண்ணையும் மாப்பிள்ளையையும் கொஞ்ச நேரம் தனி அறையில விடணும். எந்த அறை?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரித்தே நாளாகியிருந்தது.

"குளியலறை" என்றாள் ஹிண்டா. "மாப்பிள்ளை வீடுதானே."

இருவரையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஸெலிக் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான், ஃப்ரூமாவை எதிரிலிருந்த கழிப்பிட மூடியின்மேல் உட்காரவைத்தான். அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினான். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். கதவு தட்டப்பட்டது.

"மன்னிச்சுக்குங்க" என்றது எட்காவின் குரல். "என்னால முடியல."

பீட்ரூட் ஜாம் செய்த வேலை.

சடங்கு நிறைவேறியதா இல்லையா என்று ரப்பி வெகுநேரம் யோசித்தார். நாலு நிமிஷமும் கணக்குதான் என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார். அன்று ஃப்ரூமா வழக்கம்போல மடக்குக் கட்டிலிலும் ஸெலிக் வழக்கம்போல தொட்டியிலும் படுத்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஹிண்டாவுக்கு இது பொறுக்கவில்லை. தன் வீட்டில் ஒரு கல்யாணம் இந்த லட்சணத்தில் நடந்ததென்று நாளைக்கு நாலு பேர் பேசினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. வியாழனன்று எல்லோரையும் பெரிய அறையில் கூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணிவரைக்கும் இந்த வீட்ல அவங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்கக்கூடாது. எல்லாரும் கீழ முத்தத்துக்குப் போறோம்."

"வெளியில பனி" என்றார் ஒருவர்.

"கோட்டு போட்டுக்கங்க."

"கோட்டு இல்ல."

"போர்வை போர்த்திக்கங்க. அந்தப் போர்வையத்தான் எப்படியும் அவங்க பார்க்கக்கூடாது, அவ்வளவு அழுக்கு."

ஃப்ரூமா அங்கேதான் நின்றிருந்தாள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. "வேண்டாங்கா" என்றாள். "நாங்க என்ன சின்னஞ்சிறுசுங்களா?"

"அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு நேரம் கம்மி."

மூலையில் கிடந்த பெரியவர் பைனிஷ் மட்டும் மறுத்தார். கால்கள் வீங்கி ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறவர். "என்னை எப்படி இறக்குவீங்க? நான் காதைப் பொத்திக்கிறேன், இங்கயே கிடக்கேன்."

"உங்களுக்குக் காது கேட்காதது எங்களுக்குத் தெரியும் பெரியவரே" என்றாள் ஹிண்டா. "கண்ணு தெரியுமே."

ஞாயிறு இரண்டு மணிக்குப் படை கிளம்பியது. பைனிஷை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் பல்செட்டை மறந்துவிட்டேன் என்றார், ஒருவர் திரும்பி ஓடி வந்து எடுத்துப்போனார். பிறகு இன்னொருவர் மப்ளருக்காக வந்தார். அதற்குப் பின் எட்கா வந்தாள், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக ஹிண்டா வந்தாள். நரித்தோல் கழுத்துப்பட்டி வைத்த கோட்டு ஒன்று அவளுக்கு உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் தோல் எல்லாவற்றையும் ஜெர்மானியர்கள் பிடுங்கிக்கொண்டபோது பட்டி போய்விட்டது, தையல் விட்ட நூல் மட்டும் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. தன் படுக்கையில் சலவை விரிப்பு விரித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, ஃப்ரூமாவின் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வீடு அமைதியாயிற்று.

ஃப்ரூமாவுக்கு முதலில் பயமாக இருந்தது. யாரும் இருமவில்லை. யாரும் பாத்திரத்துக்குச் சண்டை போடவில்லை. சமையலறைக் கடிகாரம் டிக் டிக் என்று சத்தம் போடும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஸெலிக் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் திறந்து பார்த்தான். பிறகு திரும்பி வந்து, "எல்லா அறையும் காலி" என்றான், ஏதோ துப்புத் துலக்கினவன் மாதிரி.

"அப்படித்தானே ஏற்பாடு."

"தெரியும். இருந்தாலும் பார்த்தேன்."

ஹிண்டாவின் அறைக்குப் போனார்கள். விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஸெலிக் பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தான். ஃப்ரூமா கண்ணாடி முன் நின்று கொண்டை ஊசிகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக எடுக்க நேரம் பிடித்தது. "என்ன சத்தத்தையே காணோம்" என்று திரும்பினாள்.

ஸெலிக் தூங்கிப்போயிருந்தான்.

சும்மா படுத்துப் பார்ப்போம் என்றுதான் சாய்ந்திருப்பான். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு முதுகு நேரானதும் உடம்பு வேறெதையும் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஃப்ரூமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கீழே பத்தொன்பது பேர் பனியில் நிற்கிறார்கள், இவன் குறட்டை விடுகிறான். உலுக்கி எழுப்பலாம் என்று கையை நீட்டினாள். அப்போது அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் கட்டிலின் கடைசிவரை நீண்டு கிடந்தன. இவன் கால் இவ்வளவு நீளமா என்றிருந்தது அவளுக்கு. நீட்டின கையால் போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடினாள். பத்து நிமிஷம் தூங்கட்டும், பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழேயிருந்து பேச்சு வந்தது. பைனிஷ் நாற்காலியில் தலையை அண்ணாந்துகொண்டு, "ஆகாசம் இன்னும் இங்கதான் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கும் சீட்டுக் கொடுத்து வேற தெருவுக்கு மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

பத்து நிமிஷம் இருபதாகி, இருபது முப்பதானபோது வாசல் கதவு தட்டப்பட்டது.

எட்காவாக இருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். தொப்பியும் கைப்பட்டையுமாக ஒல்லியான ஒரு மனிதர் நின்றார், கையில் தோல் பை. தெருப்பக்கப் படிக்கட்டில் ஏறி வந்த சுகாதார ஆய்வாளர்.  டைபஸ் காய்ச்சல் இருக்கிறது என்று இவர் ஒரு வரி எழுதினால் கட்டடத்துக்கே பூட்டு. எல்லோரையும் குளிப்பிடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நாளெல்லாம் ஈரத்தலையோடு வெளியே நிறுத்துவார்கள், திரும்பி வந்தால் துணிமணி கிருமி நீக்கும் ஆவியில் வெந்து கந்தலாகியிருக்கும்.

அவர் உள்ளே வந்து நாலு அறையையும் எட்டிப் பார்த்தார். ஆள் அரவமில்லாத படுக்கைகளைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் கடுத்தது.

"இருபத்தோரு பேர்னு பதிவு இருக்கு. எங்க மத்தவங்க?"

"வெளியில போயிருக்காங்க ஐயா."

"இந்தக் குளிர்ல, எல்லாரும், ஒரே நேரத்துல?" ஹிண்டாவின் அறைக்குள் நுழைந்தவர், பட்டப்பகலில் போர்வைக்குள் கிடக்கும் ஸெலிக்கைக் கண்டு நின்றார். "இப்போ புரியுது. காய்ச்சலுக்குப் பயந்துகிட்டு ஓடிட்டாங்க. எத்தனை நாளா கிடக்கிறார்?"

"காய்ச்சல் இல்லைங்க. தூக்கம்."

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க." அவர் குனிந்து ஸெலிக்கின் நெற்றியில் கை வைத்தார்.

ஸெலிக் கண்ணைத் திறந்தான். தலைக்கு மேலே யாரோ ஒருவரின் முகம் தெரிந்தது. ஒன்றேகால் வருடப் பழக்கம் வாயில் வந்தது.

"வாங்க, உட்காருங்க."

ஆய்வாளர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். ஃப்ரூமாவுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே நாற்காலியில் விழுந்தாள், கண்ணில் நீர் வழிய எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியை, குழாயை, நாலு நிமிஷத்தை, எட்காவின் வயிற்றை. ஸெலிக் இதற்குள் எழுந்து உட்கார்ந்து, தான் செய்த காரியம் புரிந்து, பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் நம்பவில்லை. ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே போர்வையும் சாக்குமாகப் போர்த்திக்கொண்டு நின்ற பத்தொன்பது தலைகளும் அண்ணாந்தன. ஜன்னலில் தொப்பியைக் கண்டதும் பத்தொன்பதும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. பைனிஷ் மட்டும் கையசைத்தார்.

ஆய்வாளர் திரும்பி, கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அறையில பன்னெண்டு பேர்" என்றார். "என் சம்சாரத்துகிட்ட ரகசியமா ஒண்ணு சொல்லணும்னா காகிதத்துல எழுதிக் குடுப்பேன். அதை எங்க மாமியார் முதல்ல படிச்சுடறாங்க. போன வாரம் எழுத்துப்பிழை வேற திருத்திக் குடுத்தாங்க."

"நல்ல தொழில்" என்றான் ஸெலிக்.

"எத்தனை மணிவரைக்கும் உங்களுக்கு?"

"நாலு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணிக்கு மேல் போய்விட்டிருந்தது, அதில் தன் பங்கும் உண்டு என்பது முகத்தில் தெரிந்தது. படிவத்தை எடுத்து 'சோதித்தேன், நோய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவுவரை போனவர் நின்று, ஸெலிக்கைப் பார்த்து, "மறுபடி தூங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சற்று நேரத்தில் முற்றத்தில் அவர் குரல் கேட்டது. இப்போது அது அசல் அதிகாரக் குரல்.

"மூணாவது மாடியில சோதனை நடக்குது. அஞ்சு மணிவரைக்கும் யாரும் மேல போகக்கூடாது."

"அஞ்சா?" இது ஹிண்டா. "நாலுன்னுதான் பேச்சு. என் கால் ரெண்டும் மரத்துப்போச்சு. என் வீட்டுக்கு நான் போறதைத் தடுக்க நீங்க யாருய்யா?"

"சட்டம்மா."

"எந்தச் சட்டம்?"

"புதுசு. இன்னிக்குத்தான் வந்தது."

ஃப்ரூமா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு ஸெலிக் பூட்ஸை மறுபடி கழற்றினான், இந்தத் தடவை ஜோடி சேர்த்து வைக்கவில்லை. அதற்கு மேல் அந்த அறையில் நடந்தது நமக்கு வேண்டாத விஷயம்.

ஐந்தே காலுக்கு எல்லோரும் மூக்கு சிவந்து மேலே வந்தார்கள். ஃப்ரூமா வெந்நீர் போட்டு, சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் கலந்து வைத்திருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் யாரும் சிரிப்பை அடக்கவும் இல்லை. ஹிண்டா மட்டும் டம்ளரை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "முதல் அரை மணி முத்தம் முழுக்கக் குறட்டை கேட்டுச்சு. எங்க ஆளுங்க அப்பவே கலைஞ்சு மேல வரப் பார்த்தாங்க. நான்தான் விடல."

அதன் பிறகு சும்மா இருப்பார்களா. ஹிண்டாவின் மகளும் மருமகனும் மறு ஞாயிற்றுக்குப் பெயர் கொடுத்தார்கள். அடுத்த வாரத்துக்குப் பின் அறைத் தம்பதி, கல்யாணமாகி முப்பது வருடம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், வாய்விட்டு ஒரு சண்டை போட்டோம், எத்தனை நாள் பாக்கி என்றார்கள். ஏப்ரல் கடைசியில் யாருடைய முறை என்று ஹிண்டா கேட்டபோது மூலையிலிருந்து பைனிஷ் கையைத் தூக்கினார்.

"எனக்கு வேணும் ரெண்டு மணி நேரம்."

"உங்களுக்கா? யாரோட?"

"யாரும் இல்லாம."

சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. அடுத்த முறை பைனிஷுக்கு என்று ஹிண்டா முடிவு சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு மழை. பெரியவரைத் தவிர இருபது பேரும் முற்றத்தின் வாசல் வளைவுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வளைவு சரியாக அந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்தது. பெரியவருக்குக் காது மந்தம், அதனால் குரலும் பெரிது. நின்ற கொஞ்ச நேரத்தில் அது கேட்கத் தொடங்கியது.

"...அலமாரி சாவிய எங்கதான் வச்சே? எட்டு மாசமா தேடறேன். சொல்லாம போயிட்டே."

அவர் மனைவி போன கோடையில் இறந்துவிட்டாள், டைபஸில். மேலே குரல் நின்றது. பதிலுக்கு இடம் விட்டுப் பேசுகிறவர் போல மறுபடி தொடங்கியது.

"சரி, சாவி கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"

ஸெலிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஃப்ரூமா அவன் கையை அழுத்தினாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காது குடுக்காதீங்க" என்றாள் ஹிண்டா, தாழ்ந்த குரலில். "நகருங்க. அந்தப் பக்கம் போங்க."

"அந்தப் பக்கம் கூரை இல்லையேக்கா" என்றாள் எட்கா.

"தெரியும். நட."

இருபது பேரும் வளைவை விட்டு மழைக்குள் இறங்கி, முற்றத்தின் மறுகோடிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அங்கே மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஸெலிக் உருளைக்கிழங்குச் சாக்கை உதறித் தன் தலைக்கும் ஃப்ரூமாவின் தலைக்குமாகப் பிடித்தான். ஹிண்டா கோட்டின் தொங்கும் நூலைச் சுருட்டிக்கொண்டு அவர்களிடம் மணி கேட்டாள். இரண்டரை ஆகியிருந்தது.